இவ யாரைப் பாக்குறா?

கார்னர் வீட்டு ஆன்ட்டியிடம் யாருடைய போட்டோவைக் காட்டினாலும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். “இவ யாரைப் பாக்குறா?”

பெண் என்ன படித்திருக்கிறாள், எங்கே வேலை, எந்த எஸ்டேட்டிலிருந்து வந்த குடும்பம் என்பதெல்லாம் அவருக்கு அப்புறம்தான். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு போட்டோவை முகத்துக்கு நேராகப் பிடிப்பார். ஹேண்ட்போனில் வந்த படமாக இருந்தால் இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்குவார். கடைசியில் திரை முழுக்க ஒரே ஒரு கண்தான் இருக்கும். அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார். படத்தைக் கொண்டுவந்த தாய்மார்கள் தேத்தண்ணி ஆறிப்போவதுகூடத் தெரியாமல் அவர் வாயைப் பார்த்துக் காத்திருப்பார்கள்.

“கேமராவப் பாக்குறா. அப்ப நம்மளப் பாக்குறா. மேல பேசு” என்பார். இல்லையென்றால், “கேமராவுக்குப் பக்கத்துல யாரோ நிக்கிறாங்க. இவ கண்ணு அங்க இருக்கு. வீட்டுக்குப் போயி பொண்ணுகிட்ட நல்லபடியா உக்காந்து கேளு, அடிக்காத” என்பார்.

அவரை வரன் தரகர் என்று நினைத்துவிட வேண்டாம். யாருக்கும் அவர் மாப்பிள்ளை தேடிக் கொடுத்ததில்லை. ஜாதகம் பார்க்க ஒருவரிடம் போவதுபோல, ஜாதகம் பார்த்து முடித்தவர்கள் கண் பார்க்க இவரிடம் வருவார்கள். சுங்கை பட்டாணியில் எங்கள் தாமானில், அந்த வரிசை வீட்டுக் குடியிருப்பில், இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. அவருடைய பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. வரிசையின் கடைசி வீட்டில், பக்கவாட்டில் கொஞ்சம் மண் கூடுதலாகக் கிடைத்த வீட்டில் இருந்ததால் கார்னர் வீட்டு ஆன்ட்டி. நானும் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவரே “யாரும்மா இது?” என்று கேட்டிருப்பார். இப்போது அவர் இல்லை. அந்த வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.

அவர் கணக்கு எப்போதும் சரியாக இருந்தது என்று சொன்னால் அது பொய். ஒரு முறை கூலிமிலிருந்து ஒரு பையனின் படம் வந்தது. நல்ல பையன், நல்ல குடும்பம். ஆன்ட்டி படத்தை அரை மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இவன் வேற எங்கயோ பாக்குறான், வேணாம்” என்று சொல்லிவிட்டார். பெண் வீட்டார் பின்வாங்கினார்கள். கொஞ்ச நாள் கழித்து அந்தப் பையனை பசாரில் நேரில் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள், அவனுக்கு மாறுகண். தாமானே சிரித்தது. ஆன்ட்டி சிரிக்கவில்லை. வாடகைக் காடி பிடித்துக் கூலிமுக்கே போய், பையனின் அம்மாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அந்தக் கல்யாணம் நடந்தது. அதற்கப்புறம் எந்தப் பையனின் படம் வந்தாலும், “கண்ணு நேராத்தானே இருக்கு?” என்று முதலில் கேட்டு வைத்துக்கொள்வார்.

போட்டோ என்றில்லை, முகம் வரைந்த எதையும் அவர் விடமாட்டார். தேர்தல் நேரத்தில் சாலைச் சந்திப்பில் கட்டியிருக்கும் பெரிய பெரிய படங்களைப் பார்த்து, “இவரு எங்க நம்மளப் பாக்குறாரு? நமக்குப் பின்னாடி இருக்கிற நிலத்தப் பாக்குறாரு” என்பார். சாப்பாட்டுக் கடை பாய் ஒருமுறை தன் அக்கா மகனின் நிச்சயதார்த்தப் படத்தைக் கொண்டுவந்து கல்லாவுக்கு மேலேயே வைத்துக் காட்டினார். ஆன்ட்டி ரொட்டியைப் பிய்த்தபடியே பார்த்தார். “பையன் நல்ல பையன். ஆனா யாரோ எதிர்ல நின்னு, சிரிடா சிரிடான்னு மிரட்டிக்கிட்டு இருக்காங்க” என்றார். பாய் படத்தை எடுத்துக் கல்லாவுக்குள் வைத்துக்கொண்டு, “நான்தான் நின்னேன்” என்றார்.

இப்படி ஊரார் கண்ணையெல்லாம் பார்த்தவர் வீட்டுக் கூடத்தில் அவருடைய கல்யாணப் படம் இல்லை. எனக்குச் சிறு வயதிலிருந்தே அது ஒரு உறுத்தல். சாமி படங்கள் இருந்தன. ஜொகூரில் இருக்கும் மகள் பட்டமளிப்பு உடையில் நிற்கும் படம் இருந்தது. மாமனார் மாமியார்கூட மாலையோடு இருந்தார்கள். அங்கிளும் ஆன்ட்டியும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை. அங்கிளை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாலிங் பக்கம் ஒரு எஸ்டேட்டில் லோரி ஓட்டி, ஓய்வு பெற்று வந்தவர். எந்நேரமும் போர்ட்டிகோவில் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நாங்கள் பிள்ளைகள் பந்து விளையாடும்போது அவர் எங்களைத்தான் பார்க்கிறார் என்று நினைத்துக் கையாட்டுவோம். அவர் திருப்பிக் கையாட்டியதில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் ஆன்ட்டியை நான் சரியாகத் தெரிந்துகொண்டது அதனால்தான்.

நான் கூலிமில் ஒரு பேக்டரியில் தரச் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க நுண்ணோக்கிக்குள் கண்ணை வைத்து, நகத்தளவுத் தகட்டில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. “அதனாலதான் வர்ற மாப்பிள்ளையெல்லாம் இவளுக்குக் கீறலாத் தெரியுது” என்பார் அம்மா. முப்பது தாண்டியிருந்தது. வந்தவர்களில் ஒருவர் குவே பலகாரத்தைத் தின்றுகொண்டே என் சம்பளத்தைக் கேட்டார். இன்னொருவர் என் பெயரைக் கடைசிவரை தப்பாகவே சொன்னார். நான் வேண்டாம் என்று சொன்னதில் தவறே இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

பிறகு ஆன்ட்டியின் தம்பி மகன் வந்தார். அலோர்ஸ்டாரில் தண்ணீர் இலாகாவில் டெக்னீஷியன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக் குழாயைச் சரிசெய்ய வந்தவர், வேலையை முடித்துவிட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி, துடைத்து, அடுக்கில் சாய்த்து வைத்தார். பக்கத்து வீட்டிலிருந்து ஆன்ட்டியின் மரத்தில் கறிவேப்பிலை பறிக்கப் போன நான், அதைப் பார்த்துவிட்டேன். அவ்வளவுதான். பிடித்துப்போய்விட்டது. அதற்கு மேல் காரணம் கேட்டால் என்னிடம் இல்லை.

பண்டார் பாருவில் இருந்த அவருடைய அப்பா அம்மாவே எங்கள் வீட்டில் பேச்சை ஆரம்பித்தார்கள். ஆன்ட்டிக்குத் தரையில் கால் பாவவில்லை. அவருக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது அந்த ஒரு தம்பிதான். ஒவ்வொரு தீபாவளிக்கும் தம்பி ஒரு சேலையோடு வந்துவிடுவார். அந்தச் சேலையை ஆன்ட்டி கட்டிக்கொண்டு வரிசையில் ஒவ்வொரு வீடாகப் போய்க் காட்டிவிட்டுத்தான் வடையைக் கடிப்பார். இப்போது தம்பி வீட்டுக்கு மருமகளாகப் பக்கத்து வீட்டுப் பெண்ணே போகப்போகிறாள் என்றால் கேட்க வேண்டுமா?

பெண் பார்க்கும் சடங்கு வேண்டாம், வெளியே எங்காவது பார்த்துப் பேசிக்கொள்கிறோம் என்று நான் சொன்னேன். கோயிலுக்குப் போகலாம் என்றார் ஆன்ட்டி. அவருடைய தம்பி மகன்தான் அலோர்ஸ்டாரில் ஒரு மியூசியத்துக்கு வரச் சொன்னார். ஸ்பெயின் நாட்டு ஓவியங்கள் வந்திருக்கின்றன, இந்தக் காலத்து ஓவியங்கள், எல்லாம் மனிதர்களை வரைந்தவை, நல்ல நிறமாக இருக்கும் என்று மெசேஜ் அனுப்பியிருந்தார்.

“ஸ்பெயின்னா பந்து விளையாடுறவங்கதானே? படமும் வரைவாங்களா?” என்றார் ஆன்ட்டி. ஆனால் எல்லாம் முகங்கள் என்று சொன்னதும் மூக்குக்கண்ணாடிப் பெட்டியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

என் காடியில்தான் போனோம். ஜெராய் மலை பின்னால் போய், இரண்டு பக்கமும் நெல்வயல் வந்ததும் ஆன்ட்டி கேட்டார். “அப்ப உனக்குச் சரிதானே பாப்பா? இன்னைக்கு அவன்கிட்ட நான் சொல்லிரலாமா?”

“பேசிட்டு நானே சொல்றேன் ஆன்ட்டி.”

“சரின்னுதானே சொல்லப்போற?”

“சரின்னுதான்.”

அவர் என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு ஊர் வரும்வரை தம்பியின் சிறு வயதுக் குறும்புகளைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மியூசியத்துக்குள் நல்ல குளிர். தம்பி மகன் வாசலிலேயே காத்திருந்தார். உள்ளே, கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் எங்களை வரவேற்றார். தமிழ்ப் பெண்தான். ஓவியங்களை மலாயிலும் ஆங்கிலத்திலும் விளக்கிச் சொல்வது அவர் வேலை. ஆன்ட்டியின் சேலையைப் பார்த்ததும் “வணக்கம்மா” என்று தமிழுக்கு மாறிக்கொண்டார். தம்பி மகனைப் பார்த்து, “சார், பைய லாக்கர்ல வச்சிருங்க” என்று மட்டும் சொன்னார். அவரும் “சரிங்க” என்று வைத்துவிட்டு வந்தார்.

முதல் படமே ஆன்ட்டியைப் பிடித்து நிறுத்திவிட்டது. சிவப்பு நாற்காலியில் ஒரு பெண். கூந்தல் நீலம். முகம், கழுத்து, கை எல்லாம் பளிச்சென்று மஞ்சள்.

“நலங்கு வச்ச பொண்ணா?” என்றார் ஆன்ட்டி.

விளக்கம் சொல்லும் பெண் சிரித்துவிட்டார். “அங்க நலங்கெல்லாம் இல்லம்மா. வரைஞ்சவருக்கு இவங்கள மஞ்சளா வரையணும்னு தோணியிருக்கு.”

“தோணுச்சுன்னா பூசிருவாரா? அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லலையா?”

“அவரோட சொந்தத் தங்கச்சின்னு போட்டிருக்காங்கம்மா.”

“அப்படின்னா சரி. அண்ணன் பூசலாம்.” மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. “இவ யாரைப் பாக்குறா?”

அந்தப் பெண் படத்தைத் திரும்பிப் பார்த்தார். “இத யாரும் என்னைக் கேட்டதில்லம்மா. ஏன் மஞ்சள்னுதான் எல்லாரும் கேப்பாங்க” என்றார்.

அதிலிருந்து அவர்கள் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் ஆன்ட்டி இடம் மாறி மாறி நின்று பார்த்தார். இங்கே நின்றால் என்னைப் பார்க்கிறாளா, அங்கே நின்றால் பார்க்கிறாளா என்று சோதனை. தரையில் போட்டிருந்த கோட்டை இரண்டு முறை தாண்டிவிட்டார். காவலுக்கு நின்ற மலாய்க்காரர் “மக்சேக், மக்சேக்” என்று அத்தை முறை சொல்லிக் கெஞ்சினார். கடற்கரையில் குடை பிடித்து நிற்கும் ஆரஞ்சு நிறப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே திசையில் பார்க்கிறார்கள், அங்கே ஐஸ்கிரீம்காரன் வருகிறான் என்பது ஆன்ட்டியின் முடிவு. ஊதா நிறக் கையோடு மீன் விற்கும் ஒரு ஆள் தஞ்சோங் டாவாயில் நெத்திலி விற்பவரைப் போலவே இருந்தார். “இவரு நம்ம பைக்குள்ள என்ன இருக்குன்னு பாக்குறாரு” என்றார்.

“ஒருத்தி மட்டும் எங்க நின்னாலும் நம்மளப் பாக்க மாட்டேங்குறா” என்று நாலாவது படத்தில் சலித்துக்கொண்டபோது தம்பி மகன் சொன்னார். “அவங்க நம்மளத் தாண்டி ஸ்பெயினப் பாக்குறாங்க அத்தை.”

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். என் சிரிப்பு அந்தக் கூடத்தில் எதிரொலித்தது. வெட்கமாக இருந்தாலும் சந்தோஷமாகவும் இருந்தது. இவரோடு வாழ்ந்தால் சிரித்துக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவர் தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று வெளியே போனார். விளக்கம் சொல்லும் பெண்ணை வேறு யாரோ கூப்பிட்டார்கள். நானும் ஆன்ட்டியும் மட்டும் அடுத்த சுவருக்கு வந்தோம்.

அங்கே ஒரு பெரிய படம். ஆண் ஒருவர், பெண் ஒருத்தி, மேசைக்குப் பின்னால் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருக்கிறார்கள். மேசைமேல் வெட்டிய தர்ப்பூசணி. பெண்ணின் உடை பச்சை, ஆளின் சட்டை வெள்ளை, சட்டையின் நிழல் மட்டும் ஏனோ ரோஜா நிறம். கொண்டாட்டமான படம். பெண் நேராக எங்களைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஆளின் கண் மட்டும் கொஞ்சம் தள்ளி, சட்டத்துக்கு வெளியே போகிறது.

ஆன்ட்டி கேள்வியைக் கேட்கவில்லை. இடம் மாறிப் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக்கூட ஏற்றவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். சோர்ந்துபோய்விட்டாரோ என்று பயந்து, அவரைப் பேசவைக்கத்தான் நான் அவருடைய கேள்வியை எடுத்துக்கொண்டேன்.

“இவரு யாரைப் பாக்குறாரு ஆன்ட்டி?”

“பாலிங்ல ஒரு டீச்சர” என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

“எங்க கல்யாணப் படத்துல அவரு இப்படித்தான் இருப்பாரு. நான் இவ மாதிரியே பல்லெல்லாம் தெரிய சிரிச்சுக்கிட்டு இருப்பேன். எஸ்டேட் ஸ்கூல் டீச்சர் அவ. கல்யாணத்துக்கு வந்திருந்தா. போட்டோ புடிக்கிறவரு பக்கத்துல நின்னா. அவங்க வீட்டுல ஒத்துக்கல, இவங்க வீட்டுல என்னைக் கட்டி வச்சுட்டாங்க. எனக்குப் புள்ள பொறந்த பெறகுதான் யாரோ சொல்லித் தெரிஞ்சுது. அப்பதான் படத்த எடுத்துப் பாத்தேன். அதுலயே இருக்கு பாப்பா. எல்லாரும் பாத்த படம். சுவத்துல மாட்டியிருந்த படம். அவரு அம்மா பாத்தாங்க, எங்கப்பா பாத்தாரு. ஒருத்தரும் எனக்குச் சொல்லல.”

“அங்கிள் உங்கள…”

“அவரு கெட்டவரு இல்ல. ஒரு நாள் கைய ஓங்கினதில்ல. சோறு நல்லா இருக்குன்னுகூட சொல்வாரு. தட்டப் பாத்துச் சொல்வாரு.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். போர்ட்டிகோவில் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்த அங்கிளுக்கு நாங்கள் கையாட்டியது நினைவுக்கு வந்தது. அதற்குள் தம்பி மகன் தண்ணீர் போத்தல்களோடு வந்துவிட்டார். விளக்கம் சொல்லும் பெண்ணும் திரும்பி வந்தார். ஆன்ட்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முகத்தை மாற்றிக்கொண்டு, ஹேண்ட்போனை எடுத்தார்.

“ரெண்டு பேரும் அப்படிப் பக்கத்துல நில்லுங்க. உங்கம்மாவுக்கு அனுப்பணும்ல.”

நாங்கள் அந்தப் படத்துக்கு முன்னாலேயே நின்றோம். ஆன்ட்டி எடுத்தார். திரையைப் பார்த்தார். இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினார். “இன்னொண்ணு” என்றார். மறுபடி எடுத்து, மறுபடி பெரிதாக்கினார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பித் தன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார்.

விளக்கம் சொல்லும் பெண் நின்றிருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ ஏம்மா கீழ பாக்குற?” என்றார் ஆன்ட்டி, ரொம்ப மெதுவாக.

அந்தப் பெண் அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். ஆன்ட்டி என்னருகில் வந்து ஹேண்ட்போனை என் கையில் கொடுத்தார். “நீயே பாரு பாப்பா. நான் சொல்லி நீ தெரிஞ்சுக்க வேணாம்.”

இரண்டு படத்திலும் நான் நேராகப் பார்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டிலும் அவர் கண் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. எங்களுக்குப் பின்னால் பச்சை உடைக்காரியும் அவள் பக்கத்து ஆளும் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கீறல் தேடியே பிழைப்பவள் நான். இதைப் பார்க்க எனக்கு நுண்ணோக்கி தேவைப்படவில்லை.

“டேய்” என்றார் ஆன்ட்டி, தம்பி மகனைப் பார்த்து. “சொல்லு.”

அவர் சொன்னார். அவர் கட்டிக்கொள்ள நினைத்திருந்த அந்தப் பெண்ணுக்கு முன்பு ஒரு கல்யாணம் நடந்து, பிரிந்து, எல்லாம் முடிந்துவிட்டது. வீட்டில் சொன்னதற்கு, அவளைக் கூட்டிவந்தால் வாசல் மிதிக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். அப்பா அதன்பிறகு அவரோடு பேசுவதையே நிறுத்தி, எங்கள் வீட்டில் பேச்சை ஆரம்பித்துவிட்டார்.

“என்னால மறுபடி வாயத் தொறக்க முடியல அத்தை. நீங்க பாத்தீங்கன்னா கண்டுபிடிச்சிருவீங்கன்னு தெரியும். அதுக்குத்தான் இங்க வரச் சொன்னேன்.”

“அதுக்கு இந்தப் புள்ளையக் கொண்டாந்து பக்கத்துல நிப்பாட்டுவியா?” ஆன்ட்டியின் குரல் உயர்ந்தது. காவல்காரர் திரும்பிப் பார்த்தார். “இவ என்ன, போட்டோ ஸ்டூடியோவுல வைக்கிற பூச்சாடியா? என்னை வச்சு உன் வாயத் தொறந்துக்கலாம்னு வந்தியே, இவளுக்கு ஒரு மனசு இருக்கும்னு நெனச்சியாடா? கேளு அவகிட்ட மன்னிப்பு.”

அவர் கேட்டார். கண்ணில் தண்ணீரோடுதான் கேட்டார். அப்போதுதான் அவர் முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தார். காடியில இருக்கேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

ஆன்ட்டி வர நேரமாயிற்று. வந்தவர் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். நெல்வயல் முடிந்து ஜெராய் மலை தெரிய ஆரம்பித்ததும் கேட்டார்.

“உனக்கு அவனப் புடிச்சிருந்திச்சா?”

“ம்.”

“படத்துலயே தெரிஞ்சுது.”

“நீங்க பாக்காத மாதிரி இருந்திருக்கலாம் ஆன்ட்டி” என்றேன். கோபம்தான். அவர்மேல் எதற்குக் கோபம் என்று கேட்டால் தெரியாது. பக்கத்தில் இருந்தவர் அவர்தானே.

“இருந்திருக்கலாம்லா” என்றார். “எல்லாரும் அப்படித்தான் இருந்தாங்க.”

அன்றிரவே அவர் தம்பிக்குப் போன் போட்டுப் பேசினார். என்ன பேசினார் என்று என்னிடம் சொல்லவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் வீட்டுக்கே கேட்டதால் எனக்குத் தெரியும். “அவ முன்ன யாரைக் கட்டியிருந்தா என்னடா, இப்ப உன் மகனத்தானே பாக்குறா” என்றார். அதற்குப் பிறகு தம்பி பேச, இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் அம்மா என்னைத் திட்டவில்லை. ஆன்ட்டியோடு கொஞ்ச நாள் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் கறிவேப்பிலை தீர்ந்துபோனதும் பேச ஆரம்பித்தார்.

அந்த வருடம் தீபாவளிக்குத் தம்பி வரவில்லை. சேலையும் வரவில்லை. ஆன்ட்டி முந்தின வருடச் சேலையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு வீடாக வந்தார். “இது போன வருஷச் சேலை” என்று அவரே முதலில் சொல்லிவிட்டார், யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று. எனக்கு அழுகை வந்தது. வடை எடுப்பதுபோல் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

மகன் விடாப்பிடியாக இருந்ததில் தம்பி வீட்டார் இறங்கி வந்தார்கள். கல்யாணம் நிச்சயமாயிற்று. ஆனால் அக்கா பேச்சைக் கேட்டுத்தான் மகன் கெட்டான் என்பதில் தம்பி மாறவில்லை. அக்காவுக்கு அழைப்பு இல்லை. அவர்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைக்கு முதல் நலங்கு வைக்கிற உரிமை அத்தைக்குத்தான். அந்த உரிமையையும் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். நலங்குக்கு முதல் நாள், தம்பி மகன் அலோர்ஸ்டாரிலிருந்து காடியை ஓட்டிக்கொண்டு வந்து, ஆன்ட்டி வீட்டு அடுப்படியில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். “வைங்க அத்தை” என்றார். ஆன்ட்டி அம்மியில் மஞ்சளை உரசி, கன்னத்திலும் கையிலும் பூசிவிட்டார். அவர் முகத்தைக் கழுவாமலேயே காடியை எடுத்துக்கொண்டு பண்டார் பாருவுக்குப் போனார்.

போகும்போது எங்கள் வீட்டிலும் ஏறி எனக்குப் பத்திரிகை வைத்தார். வரவேண்டும் என்று மணப்பெண்ணும் மெசேஜ் அனுப்பியிருந்தார். போகாமலும் இருந்திருக்கலாம். ஆனால் ஆன்ட்டிக்குப் பதிலாக ஒரு ஜோடிக் கண்ணாவது அங்கே போகட்டும் என்று நினைத்தேன்.

மண்டபம் நிறையக் கூட்டம். தாலி கட்டி முடிந்து மாலை மாற்றும்போது நான் மேடைக்குப் பக்கத்தில் போய் ஒரு படம் எடுத்து ஆன்ட்டிக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் பதிவாகி வந்தது. நாதஸ்வரச் சத்தத்தில் ஹேண்ட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டேன்.

“ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்குறாங்க பாப்பா. ஐயரு மட்டும்தான் கேமராவப் பாக்குறாரு. நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு.”

பின்னாலேயே இன்னொன்று வந்தது.

“படம் கொஞ்சம் ஆடியிருக்கு. கை நடுங்குச்சா உனக்கு?”

‘கூட்டம் ஆன்ட்டி, யாரோ இடிச்சுட்டாங்க’ என்று எழுதி அனுப்பினேன்.

“சரி சரி. அங்க சாப்புடாத. இங்க சோறு வச்சிருக்கேன், வா” என்றார்.

பந்திக்கு உட்காராமல் புறப்பட்டு வந்துவிட்டேன். ஆன்ட்டி எதுவும் கேட்கவில்லை. மண்டபம் எப்படி, பெண்ணுக்கு என்ன சேலை, தம்பி ஏதாவது சொன்னானா, ஒன்றும் இல்லை. தட்டில் சோறும் சாம்பாரும் நெத்திலி வறுவலும் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.